களஞ்சியத்தின் சாவி



அமெரிக்காவில் வாழும் உங்கள் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்படி கடந்த இரண்டு மாதங்களில் பலர் என்னிடம் கேட்டுக்கொண்டீர்கள். "ஐயா, அங்கே அரசாங்கத்தையே மூடிவிட்டார்களாமே, அது எப்படி முடியும்?" என்று ஒரு தாயார் வியப்போடு வினவினார். அவருடைய மகன் அங்கே சிறு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். நிறுவனம் மருத்துவக் காப்பீடு தருவதில்லை; அவரே சந்தையில் வாங்கிக்கொள்கிறார். வரும் ஜனவரி முதல் அதன் மாதத் தவணை எவ்வளவு உயரும் என்பதே அந்தக் குடும்பத்தின் இப்போதைய ஜெபக் குறிப்பு. இந்த வாரத் தியானத்தை அந்தத் தாயாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அரசியல் பேசுவதாகச் சிலர் நினைக்கக்கூடும். நோயாளியின் படுக்கையைப் பற்றிப் பேசாமல் நற்செய்தியைப் பேச எனக்குத் தெரியவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அந்த நாளுக்குள் செலவுக்கான அனுமதியை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வழங்கியிருக்க வேண்டும். வழங்காவிட்டால் உயிருக்கும் உடைமைக்கும் காவலான பணிகள் தவிர மற்றவை நின்றுவிடும். அந்தக் காவல் பணிகளில் இருப்போரும் சம்பளமில்லாமலே வேலைக்கு வர வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் இந்த முடக்கம் நீடித்தது. அதுவரையிலான அந்நாட்டு வரலாற்றில் இதுவே மிக நீண்டது. இதற்கு முந்தைய நீண்ட முடக்கம் 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாட்கள் நீடித்தது. அது எல்லைச் சுவருக்காக நடந்த சண்டை. 2013 அக்டோபரில் 16 நாட்கள் நடந்த முடக்கத்துக்கும் 2025-இன் முடக்கத்துக்கும் காரணம் ஒன்றே: 2010-இல் ஒபாமாவின் ஆட்சியில் இயற்றப்பட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்.

2013-இல் அந்தச் சட்டத்தை நிறுத்த விரும்பியவர்கள் செலவு அனுமதியைத் தடுத்தார்கள். 2025-இல் நிலைமை தலைகீழாயிற்று. சொந்தமாகக் காப்பீடு வாங்குவோரின் தவணையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்கிறது. கொரோனா காலத்தில், 2021-இல், இந்த உதவி தற்காலிகமாக உயர்த்தப்பட்டு, பின்னர் 2025 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. அதை மேலும் நீட்டித்தால்தான் செலவு அனுமதிக்கு வாக்களிப்போம் என்று ஜனநாயகக் கட்சியினர் நின்றார்கள். முதலில் அரசைத் திறங்கள், பிறகு பேசுவோம் என்று குடியரசுக் கட்சியினர் நின்றார்கள். 100 பேர் கொண்ட மேலவையில் 60 வாக்குகள் தேவை. அவை எவரிடமும் இல்லை. முடிவில் அரசு திறந்தது, உதவி நீளவில்லை. டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குறுதி தரப்பட்டது. 11-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது, தோற்றது. அந்தச் சந்தையில் 2025-இல் காப்பீடு வாங்கியோர் ஏறத்தாழ 2.4 கோடி பேர். அவர்களில் ஒருவர்தான் அந்தத் தாயாரின் மகன்.

இந்தச் சண்டைக்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. ஏழைகளுக்கு அங்கே மாதந்தோறும் உணவு உதவி தரப்படுகிறது. 2025-இல் அதைப் பெற்றோர் 4 கோடிக்கும் அதிகம். நவம்பர் மாத உதவி உரிய நாளில் போய்ச் சேரவில்லை. நோயாளியின் தவணைக்காக நடந்த போரில் பசித்தவனின் தட்டு பணயம் வைக்கப்பட்டது.

நம் ஊரில் இப்படி நடக்காது என்று நீங்கள் நினைத்தால், அந்த அளவில் சரியே. நம் அரசியலமைப்பின் 206-ஆம் பிரிவு, முழு வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் முன்பே சில மாதச் செலவுக்கு முன்பணம் வழங்கச் சட்டப்பேரவைக்கு அதிகாரம் தருகிறது. மத்திய அரசுக்கு 116-ஆம் பிரிவு. 2021-இல் பிப்ரவரியில் இடைக்கால வரவு செலவுத் திட்டமும், தேர்தல் முடிந்து ஆட்சி மாறியபின் ஆகஸ்ட் 13 அன்று திருத்திய திட்டமும் வந்தன; இடையில் ஒரு நாளும் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையின் கதவு சாத்தப்படவில்லை. பேரவையில் செலவு அனுமதி தோற்றால் இங்கே ஆள்வோர் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஊழியர் வீட்டுக்குப் போகிறார். இந்த ஒரு காரியத்தில் நம் அரசியலமைப்பை வகுத்தவர்களுக்கு நான் மனப்பூர்வமாக நன்றி சொல்வேன்.

ஆனாலும் அவசரப்பட்டு நிம்மதியடைய வேண்டாம். நம் முடக்கங்கள் தேதி குறித்து வருவதில்லை, அவ்வளவுதான்.

2009 ஜூலை 23 அன்று உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பம் ஒன்று அறுவை சிகிச்சைக்காகத் தனியார் மருத்துவமனையின் படியேற முடியும் என்பது அப்போது புதுமையாக இருந்தது. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் புதியது வந்தது. புதியது முந்தையதைவிட விரிவானது என்பதை மறுக்க மாட்டேன். முன்பு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் என்றிருந்தது ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றாயிற்று. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. என் வருத்தம் அந்த இடைப்பட்ட மாதங்களைப் பற்றியது. ஒரு கட்சியின் பெயர்ப்பலகையைக் கழற்றி மற்றொன்றை மாட்டும்வரை, இருதய வால்வு பழுதான குழந்தையின் இரத்தம் ஓடாமல் நின்றிருக்குமா? கட்சிகள் இரண்டும் தங்கள் தங்கள் சாதனையைச் சொல்லும்போது அந்த மாதங்களை எவரும் சொல்வதில்லை.

வேறு வகையான முடக்கத்தையும் நாம் கண்டோம். 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் ஓய்வூதியச் சலுகைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நம் சபைகளில் பல வீடுகளில் அந்த மாதம் அடுப்பு எப்படி எரிந்தது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

செங்கல்பட்டை அடுத்த திருமணிக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஏறத்தாழ 100 ஏக்கரில் மத்திய அரசு நிறுவனமான எச்எல்எல் பயோடெக்கின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் நிற்கிறது. 2008 ஜனவரியில் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று ஊர்களின் அரசுத் தடுப்பூசிக் கூடங்களிலும் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன்பின் பொதுத்துறைக்கென நவீனமான ஓர் இடம் வேண்டும் என்று 2012-இல் அனுமதி தரப்பட்ட வளாகம் இது. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் தடுப்பூசிக்காக நாம் ஆலாய்ப் பறந்த நாட்களில் அந்த வளாகம் வெறுமனே இருந்தது. மே மாதம் முதலமைச்சர் நேரில் வந்து பார்த்து, அதை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தரும்படி மத்திய அரசைக் கேட்டார். அலை கடந்து போயிற்று. அந்தக் கொடிய மாதங்களில் நான் நடத்திய அடக்க ஆராதனைகளை எண்ணிப் பார்க்க எனக்கு மனமில்லை. ஒரு கதவைச் சாத்தினால் செய்தி வரும். கட்டி முடித்த கதவைத் திறக்காமலே வைத்திருந்தால் எந்தத் தொலைக்காட்சியும் நாட்களை எண்ணுவதில்லை.

இப்போது வேதத்துக்கு வருகிறேன். காப்பீட்டைப் பற்றிப் பேசும்போது நம் பிரசங்கிமார் யோசேப்பைக் கொண்டுவருவது வழக்கம். செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து, பஞ்சமான ஏழு ஆண்டுகளுக்கு வைத்த தேவ மனிதன். ஆதியாகமம் 41-ஆம் அதிகாரம். நல்ல உதாரணம்தான், பஞ்சத்துக்கு எதிரான உலகின் முதல் பொதுக் காப்பீடு என்றே சொல்லலாம். காப்பீடு எடுப்பது விசுவாசக் குறைவு என்று ஜெபக் கூட்டங்களில் பேசித் திரிகிறவர்கள் யோசேப்புக்கு என்ன பதில் சொல்வார்களோ, நான் அறியேன்.

ஆனால் நாம் 41-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். 47-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியைப் பிரசங்கமாகக் கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? பஞ்சம் வந்தபோது களஞ்சியம் திறக்கப்பட்டது. ஆனால் தானியம் விற்கப்பட்டது. மக்களிடமிருந்து சேர்த்த தானியம் மக்களுக்கே விலையாயிற்று. முதலில் அவர்களுடைய பணம் முழுவதும் பார்வோனின் வீட்டுக்குப் போயிற்று. பணம் தீர்ந்ததும் ஆடு மாடுகளும் குதிரைகளும் கழுதைகளும் போயின. அடுத்த ஆண்டு நிலம் போயிற்று. நிலத்தோடு அவர்களும் பார்வோனுக்கு அடிமைகளானார்கள். உயிரைக் காத்தவர் என்று அவர்கள் யோசேப்பை வாழ்த்தவும் செய்தார்கள். பசித்தவன் கையெழுத்திடாத பத்திரம் உண்டா?

யோசேப்பின் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் காலத்தின் ஆட்சி முறைக்குள் அவர் உண்மையுள்ள உக்கிராணக்காரராக இருந்தார். ஆனால் வேதம் கதையை அங்கே முடிக்கவில்லை. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் யோசேப்பை அறியாத வேறொரு ராஜன் எழும்புகிறான். நல்ல உக்கிராணக்காரர் போய்விட்டார். அடிமையாக்கும் வல்லமை பெற்ற அரண்மனை அப்படியே இருந்தது. இம்முறை அதன் நுகத்தில் பூட்டப்பட்டவர்கள் யோசேப்பின் சொந்த சந்ததியார். களஞ்சியத்தின் சாவியைப் பேரம் பேசப் பயன்படுத்தலாம் என்று ஒருமுறை வழக்கமாகிவிட்டால், அடுத்து அந்தச் சாவி எவர் கையில் சேரும் என்பதை எவரும் முடிவு செய்ய முடியாது. 2013-இல் ஒரு கட்சி எடுத்த ஆயுதத்தை 2025-இல் மற்றக் கட்சி எடுத்ததைப் பாருங்கள்.

அந்த அதிகாரத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு, 22-ஆம் வசனத்தில். எல்லாருடைய நிலமும் வாங்கப்பட்டது. ஆசாரியர்களின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை. அவர்களுக்குப் பார்வோனிடமிருந்து தனிப் படி கிடைத்து வந்தது. பஞ்சம் அவர்களைத் தொடவில்லை. அமெரிக்க முடக்கத்தின் 43 நாட்களிலும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் நிற்கவில்லை. அவர்களுடைய அரசியலமைப்பே அதை உறுதி செய்திருக்கிறது. வான்வழிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர் சம்பளமின்றி விமானங்களை இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் சம்பளம் தர மறுத்தவர்கள் சம்பளம் வாங்கினார்கள். ஆசாரியர்கள் என்று வேதம் சொல்லும்போது போதகனாகிய நானும் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜனநாயகக் கட்சியினர் செய்தது சரியா என்று நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் சிலர் வாதிட்டீர்கள். என் எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அவர்கள் கேட்டது நியாயம். தற்காலிகம் என்று அறிவித்த உதவி எந்நாளும் நீள வேண்டுமா என்று எதிர்த்தரப்பார் கேட்டதிலும் பொருள் இருந்தது. ஆனால் நியாயமான காரியத்துக்காகவும் அடுத்தவனின் அப்பத்தைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை. தன் சம்பளத்தை, தன் பதவியை, தன் அடுத்த தேர்தலைப் பணயம் வைக்கிறவனை நான் வணங்குவேன். வேறு வழியே இல்லை என்றார்கள். இருக்கலாம். ஆயினும் அந்த வாதத்தைக் கேட்கும்போது உணவு உதவிக்காகக் காத்திருந்த தாயின் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அதே குழுவில் இன்னொரு சகோதரர் எழுதிய ஒரு வரியும் என் மனதில் நிற்கிறது. மற்றவருடைய நோய்க்கு என் வரிப்பணம் ஏன் போக வேண்டும், அவனவன் பாரத்தை அவனவன் சுமக்க வேண்டும் என்று வேதமே சொல்கிறதே என்றார். உண்மைதான், கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தில் அப்படி ஒரு கருத்து இருக்கிறது. மூன்று வசனங்களுக்கு முன், 2-ஆம் வசனத்தில், ஒருவருடைய பாரத்தை மற்றவர் சுமக்கும்படி அதே அப்போஸ்தலன் கட்டளையிட்டிருக்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் பாரம் என்றே இருப்பதால் குழப்பம் தோன்றுகிறது. கிரேக்கத்தில் சொற்கள் வேறு. 2-ஆம் வசனத்தில் பாரோஸ். ஒரு மனிதனை நசுக்கும் எடை. 5-ஆம் வசனத்தில் போர்த்தியோன். ஒருவன் தோளில் கொண்டுபோகும் சுமை. இந்த வேறுபாட்டை அளவுக்கு மீறி அழுத்தக்கூடாது என்று எங்கள் இறையியல் கல்லூரிப் பேராசிரியர்கள் எச்சரிப்பார்கள். அந்த எச்சரிக்கையோடே சொல்கிறேன். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குவதும், புகையிலையை விடுவதும், காலையில் நடப்பதும் என் சுமை. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்வது எந்த ஒரு தோளுக்கும் உரிய சுமை அல்ல.

காப்பீடு என்பது வேறென்ன? ஆயிரம் பேர் சிறிது சிறிதாக இட்டு வைக்கிறார்கள். எவர்மீது அந்த நசுக்கும் எடை விழும் என்று எவருக்கும் தெரியாது. விழுந்தவருக்கு அது போகிறது. விழாதவர் தன் பணம் வீணாயிற்று என்று முறையிடுவது, தன் வீடு பற்றி எரியவில்லையே என்று வருந்துவதற்குச் சமம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுத் தவணையின் மீதிருந்த 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. நல்ல காரியம். இத்தனை ஆண்டுகள் நோயைக் குறித்த அச்சத்துக்கே வரி கட்டிவந்தோம்.

நம் கரையோரத்துக்கு வருவோம். மாமல்லபுரம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து ஆராதனைக்கு வருகிற குடும்பங்களை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். முதலமைச்சரின் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000. ஃபைபர் படகில் போகிறவரின் வருமானத்தை எந்த மாதத்தைக் கொண்டு கணக்கிடுவது? வலை நிறைந்த தை மாதத்தைக் கொண்டா, கடல் கொந்தளிக்கும் கார்த்திகையைக் கொண்டா? அவரிடம் சம்பளச் சீட்டு இல்லை. கிராம நிர்வாக அலுவலர் எழுதுவதே வருமானம். ஒரு வீட்டில் தகப்பனாருக்கு நெஞ்சுவலி வந்தபின் அட்டைக்காக ஓடினார்கள். அவர் ஒரு தனியார் மருத்துவமனையின் படுக்கையில், மகன் சான்றிதழ் வரிசையில். பணம் கட்டியபின்தான் சிகிச்சை நகர்ந்தது. படகின் இயந்திரம் விற்கப்பட்டது. ஆதியாகமம் 47-இல் பணத்துக்குப் பின் கால்நடைகள் போனதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் வேலை செய்கிறவர்களைப் பாருங்கள். கருங்கல் தூசி ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிகிறது. அது ஒரு நாளில் அறுவை சிகிச்சை செய்து முடிக்கும் நோய் அல்ல. மாதந்தோறும் மருந்து, மாதந்தோறும் வேலை இழப்பு. காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தவருக்கே பயன்படும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினம் விழுங்கும் மாத்திரையை அது தராது. அந்த இடத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உதவுகிறது. பையோடு வீட்டு வாசலுக்கு வரும் அந்தப் பெண்களைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு குவளைத் தண்ணீராவது கொடுங்கள்.

வருமான வரம்புக்குச் சற்று மேலே இருப்பவர்கள் நிலைமை இன்னும் சங்கடம். தனியார் பள்ளி ஆசிரியை, கடை வைத்திருப்பவர், ஓய்வூதியம் இல்லாமல் ஓய்வு பெற்றவர். அரசுத் திட்டத்துக்கு அவர்கள் பணக்காரர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் தவணைக்கு ஏழைகள். நாடு முழுவதும் இப்படி எந்தக் காப்பீடும் இல்லாமல் நடுவில் விடப்பட்டவர்கள் மக்கள் தொகையில் 30 சதவீதம், அதாவது ஏறத்தாழ 40 கோடி பேர் என்று நிதி ஆயோக் 2021-இல் கணக்கிட்டது. நம் சபைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அந்த 30 சதவீதம் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும்.

ஒரு திட்டத்தை மட்டும் தயக்கமின்றிப் பாராட்டுவேன். 2021 டிசம்பர் 18 அன்று நம் மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. அட்டை இருக்கிறதா, வருமானம் எவ்வளவு, எந்த மாநிலத்தார் என்ற கேள்விகள் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் அருகே வாழும் நமக்கு இதன் அருமை தெரியும். லூக்கா 10-இல் அடிபட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோன சமாரியன் அவனுடைய ஊரைக் கேட்கவில்லை. இரண்டு காசைக் கொடுத்துவிட்டு, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சத்திரக்காரனிடம் ஒப்புக்கொண்டான். நாம் சமாரியனின் இரக்கத்தையே பேசுகிறோம். அந்த வாக்கை நம்பிச் சிகிச்சையைத் தொடங்கிய சத்திரக்காரனையும், அவன் நம்பும்படியான வாக்கு ஒன்று இருந்ததையும் நினைத்துப் பாருங்கள். செலவை ஒருவர் உறுதியாக ஏற்காவிட்டால் எந்தச் சத்திரமும் கதவு திறப்பதில்லை.

அப்படியானால் சபையே இதையெல்லாம் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கிறது. தடுப்பூசி வளாகம் நிற்கும் அதே திருமணியில், 1920-களில் ஸ்காட்லாந்து மிஷனின் பொறுப்பில் லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லம் எழுந்தது. ஊராரும் உறவினரும் ஒதுக்கியவர்களுக்கு அங்கே படுக்கை கிடைத்தது. மருத்துவர் ராபர்ட் காக்ரேன் 1940-களில் டாப்சோன் மருந்தை அங்கே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்; குணமாகாது என்று எண்ணப்பட்ட நோய் குணமாகத் தொடங்கியது. ஆனால் ஒரு மிஷனின் காணிக்கைப் பெட்டி நாடு முழுவதற்கும் மருந்து தர முடியாது. 1955-இல் இந்திய அரசு அதை ஏற்றுக்கொண்டு மத்தியத் தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. சிலர் இதைச் சபையின் இழப்பாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் போய் விளக்கேற்றுவது சபையின் வேலை. அந்த விளக்கு அணையாமல் எல்லா வீட்டுக்கும் எரிய வேண்டுமானால் பொது எண்ணெய் வேண்டும். நம் வரியே அந்த எண்ணெய்.

ஆசாரியர்களின் நிலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். போதகர்களாகிய எங்களுக்கு மருத்துவச் செலவுக்கு ஏதோ ஒரு வகையில் ஏற்பாடு இருக்கிறது. நம் ஆலயத்தின் கோயில் பிள்ளைக்கு இல்லை. கல்லறைத் தோட்டத்தைக் கவனிக்கும் சகோதரருக்கு இல்லை. பாலர் பள்ளியின் ஆயா அம்மாவுக்கு இல்லை. மூவரும் அரசுத் திட்டத்தின் வரம்புக்குள் வருவார்களா என்று பார்த்தோம். ஒருவர் வருவார், மற்ற இரண்டு குடும்பங்களும் பிள்ளைகளின் வருமானத்தையும் சேர்ப்பதால் வரம்பைத் தாண்டுகின்றன. பார்வோனின் நாட்டில் நடந்ததை நாம் ஆலய வளாகத்துக்குள் வைத்துக்கொண்டு அமெரிக்காவைப் பற்றிப் பேசுவது அழகல்ல.

ஆகவே குருசேகரக் கமிட்டியின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். வருகிற 20-ஆம் தேதி சனிக்கிழமைக் கூட்டத்தில் கிறிஸ்துமஸ் அலங்கார விளக்குகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் தொகை ஒதுக்கும் முன்பாக, அந்த இரண்டு குடும்பங்களுக்கும் மருத்துவக் காப்பீட்டுத் தவணையை ஆண்டுதோறும் சபையே கட்டுவது என்ற தீர்மானம் எடுக்கப்பட வேண்டும். இது தர்மக் கணக்கில் அல்ல, சம்பளக் கணக்கில் எழுதப்பட வேண்டும். காணிக்கை குறையும் ஆண்டில் வெட்டப்படும் முதல் வரியாக இது இருக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கேட்கிறேன். பொருளாளர் ஐயா கணக்கைத் தயாராகக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். விளக்குகள் இந்த ஆண்டு கோபுரத்தோடு நின்றாலும் இரட்சகர் பிறந்த செய்தி இருட்டில் மறையாது.

21-ஆம் தேதி ஞாயிறு ஆராதனைக்குப் பின் நம் வாலிபர் சங்கத்தார் சபை மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவார்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றின் நகலோடு வாருங்கள். வருமானச் சான்று இல்லாதவர்கள் அதற்கு முன் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டையாவது கொண்டுவாருங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு உங்களோடு வர இருவர் ஆயத்தமாக இருக்கிறார்கள். கரையோர ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கடலுக்குப் போகிற நாளென்றால் வீட்டுப் பெண்கள் வந்தால் போதும். நலமாக இருக்கும்போதே வாருங்கள்.